வடசென்னையின் நூற்பணியாளர்

மூலக்கொத்தளம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் நம்மவருட் பெரும்பாலார்க்கு நினைவில் எழுவது ஆண்டுள்ள இடுகாடே. அதுபற்றி அப்பெயரை வாயாற் கூறவும் கூசுவார் உளர். பெயர் வந்த வரலாறோ வேறு. கொத்தளம் என்பது கோட்டை மதிலினின்று புறத்தே தள்ளி நிற்கும் காவன்மேடை. பிரஞ்சுக்காரர் 1758, 1759ஆம் ஆண்டுகளிற் சென்னையை முற்றுகையிட்டு மீண்டபின், ஆங்கிலக் கும்பினியார் கறுப்பர் பட்டணம் எனத் தாம் வழங்கிய ஊர்ப்பகுதியைச் சுற்றி மதில் எடுப்பித்தனர். அம்மதிலுக்கான செலவை ஊரார்மேல் வரியாக வைக்கக் கருதினமையின், மேற்கு மதிலையொட்டிய நெடுவழிக்கு வால்டாக்சு சாலை என்னும் பெயர் நின்றுவிட்டது. அம்மதிலின் வடமேற்கு மூலையில் அமைந்த கொத்தளமே மூலைக்கொத்தளமாய்ப் பின்னர் மக்கள் வழக்கில் மூலக்கொத்தளமாயிற்று என்ப. மதில் போயிற்று, வரியின் பெயரும் மூலையின் பெயரும் எஞ்சின.

இம்மூலையில் நின்று கிழக்கும் தெற்குமாகக் கால்நடையாய்ச் சென்றால் எளிதில் எய்தத்தக்க தெருக்கள் சிலவற்றில், தமிழ்நூல்கள் ஏட்டினின்று அச்சுக்கு ஏறிய வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்தது. தங்கசாலைத் தெரு, ஏழுகிணறு, கொண்டித்தோப்பு, லிங்கிச் செட்டி தெரு என்பன அவை. நம் சங்கத்துக் கூட்டங்களிற் பேசுவோர், தமிழை மூவேந்தர் வளர்த்தனர், மடங்கள் காத்தன, சமீன்தார்கள் புரந்தனர் என்று கூறி அமைகின்றனர். அது முழுதும் பொய்யன்று. ஆயினும் அச்சு வந்தபின் தமிழ்நூலுக்குப் பொருள் ஈந்தோர் யாவர், அதனை விலைகொடுத்து வாங்கினோர் யாவர் என்று வினாவுவோமாயின், கணக்கர், கடைக்காரர், பள்ளியாசிரியர், ஆலைத்தொழிலாளர் முதலாய எளிய மாந்தரே முன் நிற்கக் காண்போம். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1835ஆம் ஆண்டு மெட்காபு என்னும் ஆளுநர் காலத்தில் அச்சகச் சட்டம் தளர்ந்தது. அதன்பின் இந்நாட்டார் அரசினரின் தனியிசைவு பெறாமலே அச்சகம் நடத்த வழி பிறந்தது. அதற்கு முன்னரும் 1812இல் திருக்குறள் அச்சேறியதுண்டு. எனினும் அவை அருகிய முயற்சிகளே. சட்டம் தளர்ந்தபின்னர்ச் சென்னையிற் புலவர்களே அச்சகம் வைக்கலாயினர். சரவணப்பெருமாளையர், விசாகப்பெருமாளையர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் இவ்வகையில் முன்னோடிகள். ஏடு பார்த்தல், பிழை திருத்தல், அச்சுக் கோப்பித்தல், விற்றல் எனும் நான்கும் ஒருவர் தலைமேலே விழுந்த காலம் அது.

அவ்வழியில் வந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். இவர் 1849இற் சென்னைக்கு வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். பின்னர்ச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அவர்தம் வித்தியாநுபாலன யந்திரசாலை நடைபெற்றது. அத்தெருவின் வடகோடியிற் கும்பினியார் பொற்காசும் வெள்ளிக்காசும் அடித்த சாலை இருந்தமையால் தெருவுக்கு அப்பெயர். அக்காசுச் சாலையே பின்னாளில் அரசினர் அச்சகமாயிற்று. காசு அடித்த இடம் காகிதம் அச்சிடும் இடமான விந்தையை நோக்குக. நாவலர் தம் அச்சகத்தை வாணிகமாகக் கொண்டாரல்லர். சிதம்பரத்தில் 1864இல் தாம் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் தருமத்தோடு அதனைப் பிணித்து வைத்தார். அவர் 1879இல் மறைந்த பின்னரும் நெடுங்காலம் அவர்தம் பதிப்புக்களின் முகப்பேட்டில் அவ்வித்தியாசாலைத் தருமபரிபாலகரின் பெயர் காணப்படும். நூல் விற்ற பொருள் பள்ளிக்குச் சென்றது. பள்ளியிற் பயின்றோர் நூலை வாங்கினர். பாலபாடம் என்னும் அவருடைய வாசக நூல்களை நம் பாட்டன்மார் பலர் பயின்றிருப்பர். ஒன்றையொன்று தாங்கும் இவ்வமைப்பை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே உண்டாகின்றது.

தங்கசாலைக்கு அணித்தாகிய ஏழுகிணற்றில் வீராசாமிப் பிள்ளை தெருவிற் பல்லாண்டு வாழ்ந்தவர் இராமலிங்க அடிகள். அடிகளே ஒழிவிலொடுக்கம் (1851), சின்மய தீபிகை (1857) என்னும் நூல்களைப் பதிப்பித்தவர். மனுமுறை கண்ட வாசகத்தை (1854) எழுதி வெளிப்படுத்தியவர். ஆயினும் தம் பாடல்களை அச்சிட அவர் இசைந்திலர். அவர் 1858இற் சென்னையை விட்டுக் கருங்குழிக்குச் சென்றுவிட்டார். சென்னையிலிருந்த அன்பர்களோ விட்டாரிலர். இறுக்கம் இரத்தின முதலியார் என்பார் கடிதத்தின்மேற் கடிதமாக எழுதி வேண்டினார். பாடல்கள் வந்து சேருங்காறும் நாளுக்கு ஒருவேளையே உண்பதாக நோன்பும் பூண்டார். அன்பரின் பசி அடிகளின் மறுப்பை வென்றது. தொழுவூர் வேலாயுத முதலியார் முறைப்படுத்த, 1867ஆம் ஆண்டு திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சாகி வெளிவந்தன. ஐந்தாந் திருமுறை 1880இலும், ஆறாந் திருமுறை 1885இலும் வெளிவந்தன.

இவ்விடத்து ஒன்று கூறாது போதல் முறையன்று. அருட்பா வெளிவந்த இரண்டாண்டில், 1869இல், நாவலர் அதனை மறுத்து நூல் எழுதினார். இரு சாராரும் ஒருவரையொருவர் தாக்கித் துண்டுநூல்கள் பல வெளியிட்டனர். வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அவற்றுட் பலவற்றின் மொழி நாகரிகமுடையதன்று. யார் பக்கம் உண்மை என்று தீர்ப்பது எம் பணியன்று. ஒரே ஊரில், ஒரு தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு நூலை வெளியிடவும் அதனை மறுத்து மற்றொரு நூலை வெளியிடவும் மக்கள் கைப்பொருள் செலவிட்டனர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அரசனையோ மடத்தையோ எதிர்நோக்கிய காலத்தில் இவ்வாறு நிகழ்ந்திருத்தல் அரிது.

இனி, பொருள் எங்ஙனம் திரண்டது என்பதைச் சிறிது விரிப்பாம். அக்காலத்திற் கையொப்பம் என்றொரு முறை இருந்தது. நூல் அச்சாகு முன்னரே, இன்ன நூல் வெளிவரும், இன்ன விலை, இத்தனை படி எமக்கு வேண்டும் என்று அன்பர்கள் ஓலையிலன்றிக் காகிதத்திற் கையெழுத்திட்டுத் தருவர். சிலர் முன்பணமும் ஈவர். அத்தொகை கொண்டே காகிதம் வாங்குதலும் அச்சுக்கூலி கொடுத்தலும் நடைபெறும். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இற் பதிப்பித்தபோது இவ்வாறே கையொப்பம் திரட்டினார். கும்பகோணத்திற் கல்லூரிப் பணி, சென்னையிலே திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் அச்சு வேலை; விடுமுறைதோறும் இரண்டிற்கும் இடையே அலைந்தார். அவருக்கு முன்னும் உடனும் சி. வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகையை 1887இலும் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய அவர், தாம் ஈட்டிய பொருளைச் செல்லரித்த ஏடுகளின்மேற் செலவிட்டவர். கையொப்பமிட்டவருட் பலர் சிந்தாமணியை முற்றும் படித்திருப்பர் என்று யாம் கருதவில்லை. படிக்க வல்லார் பிறர்க்கு அது கிடைக்கவேண்டும் என்று ஒரு கையெழுத்து இட்டனர். அதுவும் பெரிதே.

ஈண்டு எம் போன்ற பண்டிதர்கள் நெடுநாள் பாராமுகமாய் இருந்த மற்றொரு வகையைக் கூற விரும்புகின்றோம். மூலக்கொத்தளத்தை அடுத்துள்ள கொண்டித்தோப்பில், வெங்கட்ராமய்யர் தெருவில், பி. இரத்தின நாயகர் அன்ட் ஸன்ஸ் என்னும் புத்தக வணிகர் இருந்தனர். அவர்தம் அச்சகம் திருமகள் விலாசம் எனப் பெயர்பெற்றது. பெரிய எழுத்துப் புத்தகம் என்றவுடன் நம் முதியோர் எவரும் இப்பெயரை அறிவர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, மதுரைவீரன் கதை எனப் பலப்பல. எழுத்து தடித்துப் பெரிதாய் இருக்கும், இடையிடையே படங்கள் வரும், தாள் மட்டமானது, விலையோ கூலிக்காரனும் கொடுக்கத்தக்கது. புதிதாய் எழுத்தறிந்த மகளிரும், கண்ணொளி மங்கிய முதியோரும், மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தக்கவாறு அவை அமைந்தன. ஒருவர் இசைத்துப் படிப்பார். திண்ணையிற் பதின்மர் கேட்பர். ஒரு படி விற்றால் ஒருவர் படித்தார் என்று இந்நூல்களுக்குக் கணக்கிடலாகாது.

சிற்றூர்ச் சந்தை, தேர்த்திருவிழா, புகைவண்டி நிலையம் ஆகிய இடங்களில் இவை விற்கப்பட்டன. சென்னையில் இத்தகைய நூல்கள் மலிந்த இடம் குசிலிக் கடைத்தெரு. ஆண்டு அச்சாகிய சிறு பாட்டுப் புத்தகங்கள் காலணா, அரையணா விலையுடையன. புயல் அடித்தால் ஒரு பாட்டு, புகைவண்டி கவிழ்ந்தால் ஒரு பாட்டு, கொலை வழக்கு நடந்தால் ஒரு பாட்டு. செய்தித்தாள் வாங்கமாட்டாதார்க்கு இவையே செய்தித்தாள். 1930ஆம் ஆண்டை ஒட்டிய விடுதலைக் கிளர்ச்சியின்போது இத்தகைய பாட்டுப் புத்தகங்கள் சிலவற்றை ஆங்கில அரசினர் தடைசெய்து கைப்பற்றினர். காலணாப் புத்தகம் கண்டு ஓர் அரசு அஞ்சிற்று என்றால், அதனைப் படித்தோர் தொகை சிறிதன்று என்பது பெறப்படும்.

இந்நூல்களிற் பிழை மிகுதி. அல்லியரசாணி மாலை முதலியவற்றின் முகப்பிற் புகழேந்திப் புலவர் இயற்றியது என்று காணப்படும். நளவெண்பாப் பாடிய புகழேந்தியார் இவற்றைப் பாடியிரார் என்பது நடையை நோக்கும் எவர்க்கும் விளங்கும். சந்தி கெட்டும், சொல் திரிந்தும், அடி தளர்ந்தும் உள்ளன. அதுபற்றி இவற்றைப் புலவருலகம் தீண்டாது விட்டது. எம் கருத்தோ இது: பிழை நிறைந்த இந்நூல்கள் எழுத்தறிவித்த அளவு, பிழையற்ற எம் இலக்கண நூல்கள் அறிவிக்கவில்லை. எம் மாணாக்கருள் ஒருவன், தன் பாட்டியார் பள்ளி சென்றறியாதவர் என்றும், நல்லதங்காள் கதையைக் கொண்டே எழுத்துக் கற்றார் என்றும் கூறக் கேட்டோம். நன்னூல் கொண்டு எழுத்துக் கற்ற பாட்டியார் ஒருவரை இன்னும் யாம் கேட்டிலேம்.

புலவர்க்கெனச் சங்கங்கள் தோன்றியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையிலே தமிழ்ச்சங்கம் கண்டார். அதன் செந்தமிழ் இதழும் பண்டிதத் தேர்வுகளும் நாடறிந்தன. தஞ்சையில் 1911இற் கரந்தைத் தமிழ்ச்சங்கம் எழுந்தது. தமிழவேள் உமாமகேசுவரனார் அதனை வளர்த்தார். 1925 முதல் தமிழ்ப்பொழில் வெளிவந்தது. இவற்றைப் பற்றி நம் இதழின் பக்கங்களில் விரித்தல் வேண்டா, அறியாதார் இலர்.

சங்கம் போலாது, பங்கு திரட்டிய நிறுவனமாக நூல் வெளியிட முற்பட்டது திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். 1920இல் தோன்றிய இதனைத் திருவரங்கனாரும் அவர்தம் இளவல் சுப்பையா பிள்ளையும் நடத்தினர். திருவரங்கனார் முன்னர்க் கொழும்பில் தமிழ்நூல் விற்று வந்தவர்; மறைமலையடிகள்பால் ஈடுபட்டு, அவர்தம் திருமகளார் நீலாம்பிகை அம்மையாரை மணந்தவர். கழகத்தின் சென்னை நிலையம் துறைமுகத்தை அணுகிய லிங்கிச் செட்டி தெருவில் அமைந்தது. மூட்டை தூக்குவோரும் கப்பற் கணக்கரும் நெருங்கித் திரியும் அத்தெருவிற் சங்க நூல்களும் சாத்திர நூல்களும் கட்டுக்கட்டாய் அடுக்கி விற்கப்பட்டன. 1923 முதல் செந்தமிழ்ச் செல்வி என்னும் திங்களிதழும் கழகத்தால் வெளியிடப்பெற்றது. வள்ளல் ஒருவர் இறந்தால் நின்றுவிடும் பதிப்புப்பணி, பங்காளர் பலராதலின் நிற்காது தொடர்ந்தது. கழகம் வாணிகம் செய்தது என்று குறை கூறினாரும் உளர். வாணிகம் செய்யாதிருந்தால் எம் போன்ற ஆசிரியர் கையில் எளிய விலையிற் புறநானூறு வந்திராது.

மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் விரும்பித் தொகுத்த நூல்கள் பொதுமக்கட்குப் பயன்படல் வேண்டும் என்னும் விருப்பத்திற்கிணங்க, கழகத்தார் 1958இல் லிங்கிச் செட்டி தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தனர். ஆராய்ச்சி செய்வார் அயல்நாடுகளிலிருந்தும் அங்கு வந்தனர். பின்னாளில் அந்நூல்கள் எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகக் கட்டடத்திற்குப் பெயர்ந்தன. வடசென்னைக்கு அது இழப்பே; நூல்கள் அழியாமை ஒன்றே ஆறுதல்.

அயலார் செய்ததையும் ஒருங்கு நோக்குக. மலையாள நாட்டுக் கோட்டயத்தில் 1945ஆம் ஆண்டு எழுத்தாளர் பன்னிருவர் கூடி, 120 ரூபாய் முதலோடு சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். எழுதினவனே பதிப்பாளனுமாய் ஆனமையால், நூல் விற்ற பொருளிற் பெரும்பங்கு அவனுக்கே கிடைத்தது. தமிழ்நாட்டிலோ, நூலின் உரிமையையே சிறு தொகைக்கு விற்றுவிட்டுக் கைகழுவிய புலவர் பலர். கையொப்பமிட்டு வாங்குவார் நமக்கு இருந்தனர். எழுதுவார் ஒன்றுபடுதல் மட்டும் நம்மிடை அரிதாயிற்று. படிப்போர்பொருட்டு அரசினர் செய்தது ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்திய நாட்டில் இவ்வகையில் முதலாவது. சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன் இருபதாண்டு இடையறாது முயன்றதன் பயன் அது. வீட்டுவரியோடு ஒரு சிறு தொகை நூலகத்தின்பொருட்டுச் சேர்த்து வாங்கப்பட்டது. மதிலுக்கு வரி கேட்ட ஊரில் நூலுக்கு வரி வந்தது.

மூலக்கொத்தளத்து இடுகாட்டுக்கு மீள்வோம். 1938ஆம் ஆண்டு பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை சென்ற இளைஞர் இருவர், நடராசனும் தாளமுத்துவும், 1939ஆம் ஆண்டு சனவரியிலும் மார்ச்சிலும் அடுத்தடுத்து உயிர் நீத்தனர். இருவர் உடலும் இவ்விடுகாட்டிலே அடக்கப்பெற்றன. எழும்பூரில் இருவர் பெயராலும் மாளிகை உளது. இருபதாண்டு கழித்து, 1959இல், அவர்கட்கு அருகே மூன்றாமவராக அடங்கியவர் மருத்துவர் தருமாம்பாள் அம்மையார். இவரை அறிவார் சிலரே.

அம்மையார் 1890இல் தஞ்சையை அடுத்த கருந்தட்டாங்குடியிற் பிறந்தவர். சித்த மருத்துவம் பயின்று சென்னையில் மருத்துவம் செய்தவர். இந்தி எதிர்ப்பிற் சிறை சென்றவர். 1938 நவம்பரிற் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையிற் கூடிய பெண்கள் மாநாட்டில் முன்னின்றவருள் ஒருவர், ஈ. வே. இராமசாமியாரைப் பெரியார் என்றே அழைத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது அம்மாநாடே. இவற்றினும் எமக்கு அணுக்கமானது அவர்தம் மாணவர் பணி. சென்னை மாணவர் மன்றத்தின் தலைவராய்ப் பத்தாண்டுக் காலம் இருந்து, மாணாக்கர் தமிழிலே தேர்ச்சி பெறவும் பிழையற எழுதவும் பேசவும் ஊக்கினார். பட்டம் பெற்ற புலவர் செய்யாததை மருந்து இடித்த கை செய்தது.

அக்காலத்துப் பள்ளிகளிலே தமிழாசிரியர் நிலை இரங்கத்தக்கது. ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பார்க்கு ஓர் ஊதியம், தமிழ் கற்பிப்பார்க்கு அதனிற் குறைந்ததோர் ஊதியம். தலைமையாசிரியராகும் உரிமையும் தமிழாசிரியர்க்கு இல்லை. பண்டிதர் எனின் ஏளனப் பொருளாயிற்று; பிள்ளைகளும் அவ்வேறுபாட்டை அறிந்து நடந்தனர். இந்நிலையை மாற்ற ஆசிரியர்கள் விண்ணப்பம் எழுதினர். விண்ணப்பம் கிடப்பிலே கிடந்தது. 1940ஆம் ஆண்டுகளில் அம்மையார், தமிழாசிரியர்க்கு ஒத்த ஊதியம் தாராவிடின் இழவு வாரம் கொண்டாடுவோம் என்று அறிவித்தார். இழவு என்னும் சொல்லின் கடுமையை நம் வீட்டு மகளிர் அறிவர். வீதியில் நின்று அச்சொல்லைத் தமிழின்பொருட்டுக் கூற ஒரு பெண்மணி துணிந்தார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் ஒத்த ஊதியத்திற்கு இசைந்தார். இன்று திங்கள்தோறும் பிறரோடொப்ப ஊதியம் பெறும் தமிழாசிரியருள் யாமும் ஒருவேம். எம் வகுப்பறையில் அம்மையார் பெயரைச் சொன்னபோது ஒரு மாணவனும் அறிந்திலன். ஆசிரியர் அறையிற் கேட்டபோதும் நிலை அதுவே.

2018ஆம் ஆண்டு இவ்விடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியிற் குடிசை மாற்று வாரியத்தார் குடியிருப்புக் கட்ட முற்பட்டபோது, இம்மூவர் நினைவிடம் என்னாகுமோ என்று தமிழன்பர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வீடற்றார்க்கு வீடு வேண்டும் என்பதும் மெய்யே. செய்தித்தாளைப் படித்த நம்மவர் பலர், தருமாம்பாள் என்பவர் யாவர் என்று எம்மை வினாவினர். இக்கட்டுரை எழுந்ததற்கு அவ்வினாவும் ஒரு காரணம்.

இறுதியாக நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பெரிய எழுத்துப் புத்தகங்களையும் காலணாப் பாட்டுக்களையும் பாதுகாத்தார் மிகச் சிலர். கோட்டையூர் ரோசா முத்தையா தனியொருவராய்த் தொகுத்த நூல்கள் அவர் மறைந்தபின் 1994இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கு இத்தகைய நூல்கள் பலவுள. அங்கும் இல்லாதன நம்மவர் பரண்மேலும் பழம்பெட்டிகளிலும் இருத்தல் கூடும். வீடு வெள்ளையடிக்குங்கால் அவற்றைப் பழந்தாள் வாங்குவானுக்கு நிறுத்துப் போடும் முன்னர், முகப்பேட்டை ஒருமுறை நோக்குக. நூலின் பெயர், அச்சகத்தின் பெயர், தெரு, ஆண்டு, விலை ஆகிய ஐந்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க நிலையத்திற்கு விடுப்பின், யாமே நேரில் வந்து பார்த்துக் குறித்துக்கொள்வோம். நூலைத் தரவேண்டுவதில்லை. முகப்பேடு கிழிந்திருந்தால் முதற்பாட்டின் தொடக்கச் சொற்களைக் குறித்தனுப்பினும் போதும்.